இணையவழிச் சிலம்பப் பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

கைப்பேசி வழியாகவே சிலம்பம் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைச் சேர்த்தோம். பணம் போனதோடு நிற்காமல், அவளுடைய மணிக்கட்டுக்கு வைத்தியம் பார்க்கும் நிலையும் வந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வகையான விளம்பரங்கள் வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டிருப்பதால், பெயரைவிட அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்வதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதையும், அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் விளம்பரம் பெரிய எழுத்தில் சொல்லியிருந்தது. இரண்டும் உண்மை. ஆனால் அவற்றுக்கு அருகிலேயே, பயிற்சி முடித்தால் கிடைக்கும் 'கறுப்புப் பட்டைச் சான்றிதழ்' அந்த ஒதுக்கீட்டுக்கு உதவும் என்று எழுதியிருந்ததுதான் ஏமாற்று. ஒதுக்கீட்டில் கணக்கில் கொள்ளப்படுவது, அரசு ஏற்றுக்கொண்ட போட்டிகளில் பிள்ளை விளையாடியதும் வென்றதும்தான். ஒரு நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் தாளுக்கு அங்கே மதிப்பே இல்லை. பட்டை முறையும் சிலம்பத்துக்கு உரியதன்று. அது ஜப்பானில் 1882இல் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவின் பள்ளியிலிருந்து கராத்தே முதலிய கலைகளுக்குப் பரவியது. இன்று சில சிலம்பச் சங்கங்களும் பட்டை வழங்குகின்றன, அதில் குற்றமில்லை. பிள்ளையை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் வழங்குவதுதான் கேலிக்கூத்து.

ஆறு மாதப் பயிற்சிக்கு 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கூரியரில் ஒரு கம்பை அனுப்பினார்கள். சிலம்பக் கம்பு பிடிப்பவரின் நெற்றி உயரத்துக்கு இருப்பது வழக்கம். மூங்கிலோ பிரம்போ ஒரே துண்டாக இருக்கும். எங்களுக்கு வந்ததோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் செய்த, நடுவில் மரையிட்டு முறுக்கி இணைக்கும் அலுமினியக் குழாய். சுற்றச் சுற்ற அந்த மரை தளர்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மாலை, தலைக்கு மேலே கம்பைச் சுற்றும்போது முன்பாதி கழன்று பறந்து பால்கனிக் கம்பியில் மோதியது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் மாமியாரின் மேல் படாதது எங்கள் நல்ல காலம். புகார் சொன்னதற்கு, 'ஒவ்வொரு முறையும் இறுக்கமாக முறுக்கிப் பயன்படுத்தவும்' என்று பதில் வந்தது.

பாடங்களின் நிலை அதைவிட மோசம். காணொளியில் கற்றுத் தருபவரின் பின்னால் ஒரு பதாகை தொங்கும். சில பாடங்களில் அதன் எழுத்துகள் நேராகத் தெரிந்தன. சிலவற்றில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தன. அதாவது, கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்தவற்றையும் பின்பக்கக் கேமராவில் எடுத்தவற்றையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே வரிசையில் கோத்திருந்தார்கள். திரையைப் பார்த்து அப்படியே செய்த என் மகள், முதல் காலடியை வலக்காலிலும் அதன் தொடர்ச்சியை இடக்காலிலும் எடுத்து வைக்கப் பழகிவிட்டாள். காலடிதான் சிலம்பத்தின் அடிப்படை. அது குழம்பினால் அதன்மேல் கட்டும் எந்த வீச்சும் நிற்காது.

நேரலை வகுப்பு என்று ஒன்று இருந்தது, ஆனால் அதில் பிள்ளைகள் அனைவரின் ஒலியும் அடைக்கப்பட்டிருக்கும். இதில் நிறுவனத்தின் அலட்சியம் போக, ஊடகத்துக்கே உரிய தடையும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். கம்பின் வீச்சு முழுவதும் படத்துக்குள் வர வேண்டுமானால் கைப்பேசியை நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பது தெரியாது. அருகில் வைத்தால் கால்கள் தெரியா. வேகமாகச் சுற்றும் கம்பு திரையில் வெறும் மங்கலாகத்தான் விழும். உண்மையாகவே அக்கறை கொண்ட ஆசான் ஒருவர் மறுமுனையில் இருந்தாலும் அவருக்குப் பாதிதான் தெரியும். இங்கே அந்தப் பாதியைப் பார்க்கவும் ஆளில்லை. மகள் அனுப்பிய மூன்று நிமிடப் பயிற்சிக் காணொளிக்கு ஒரு நிமிடத்துக்குள் 'மிக அருமை, அடுத்த நிலைக்குச் செல்லலாம்' என்று பாராட்டு வந்தது. கம்பு நடுவில் கைநழுவி விழுந்த காணொளிக்கும் அதே பாராட்டுதான்.

இதற்கிடையில் அவளுடைய வலக்கைக் கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கி, தண்ணீர்க் குவளையைத் தூக்கவே சிரமப்படும் அளவுக்கு வந்துவிட்டது. எலும்பு மருத்துவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்ததும் அவள் துடித்துவிட்டாள். கட்டைவிரல் பக்கத் தசைநாண்களின் உறை வீங்கும் நோய் அது என்றார். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வேனின் பெயரால் அழைக்கப்படுகிறதாம். கைக்கட்டும் ஓய்வும் தந்து சரியாக்கினார்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் பகுதியிலேயே மாலையில் பள்ளி மைதானத்தில் கற்றுத் தரும் ஆசான் ஒருவரிடம் அழைத்துப் போனோம். கம்பைக் கையில் எடுத்துச் சுற்று என்றார். அவள் இரண்டு சுற்றுக்கூட முடிக்கவில்லை.

"ஏம்மா, கம்பு என்ன ஓடியா போயிடும்? இப்படி இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்?"

"வீடியோல இறுக்கமா பிடிக்கச் சொன்னாங்க, மாஸ்டர்."

அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கம்பைத் தாங்கும்படி வைத்து, மற்ற மூன்றும் திறந்து மூட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். பல மாதங்களாகத் திரை செய்யாத வேலை அது. அதன் பிறகு வேறொரு பிள்ளையை எதிரில் நிறுத்தி மெதுவாக அடிக்கச் சொன்னபோதுதான், எதிரே வரும் கம்புக்கும் தனக்கும் உள்ள தொலைவை அவள் ஒருநாளும் கணித்ததில்லை என்பது எனக்கே புரிந்தது. எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டிக்கு இவள் தயார் என்று அந்த நிறுவனம் சான்று கொடுத்திருந்தது!

இணையவழிக் கல்வியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஊரடங்கின்போது தம்மிடம் ஏற்கெனவே பயின்ற மாணவர்களுக்குக் கைப்பேசி வழியாகப் பயிற்சி தந்த ஆசான்கள் பலர் உண்டு. கற்றதை மறக்காமலிருக்க அது உதவியது. புதிதாகக் கம்பைத் தொடும் பிள்ளைக்கு முதல் பிடியும் முதல் காலடியும் நேரில்தான் அமைய வேண்டும். அதற்கு வழியே இல்லாத ஊரில் இருப்பவர்கள், பணம் கட்டும் முன் தங்கள் பிள்ளையின் காணொளி ஒன்றை அனுப்பி, எந்த நொடியில் எந்தத் தவறு என்று சொல்லும்படி கேளுங்கள். சொல்ல முடியாதவர்களிடம் சேர்க்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை இன்னொரு பொறியும் இருந்தது. சேரும்போது யுபிஐ வழியாகத் தானியங்கிக் கட்டணத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் முடிந்ததும் 'இரண்டாம் நிலை' என்று மாதம் 2,499 ரூபாய் கழியத் தொடங்கியது. 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்கப்படாது, முன்னறிவிப்பு மட்டுமே வரும். விலகும் பொத்தானை அவர்கள் செயலியில் தேடி நேரத்தை வீணாக்காமல், உங்கள் யுபிஐ செயலியின் தானியங்கிக் கட்டணப் பகுதியிலேயே அந்த ஒப்புதலை ரத்து செய்துவிடலாம். வாடிக்கையாளரை விலகவிடாமல் சிக்கவைக்கும் இம்முறையை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

இணைய வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகே, கூடுதலாகக் கழித்த தொகை மட்டும் திரும்பி வந்தது. மீதித் தொகைக்கும் மருத்துவச் செலவுக்கும் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறோம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

தாங்கள் விற்றது காணொளிகளைப் பார்க்கும் உரிமையை மட்டுமே என்றும், தவறுகளைத் திருத்துவதாக எங்கும் வாக்களிக்கவில்லை என்றும் நிறுவனம் பதில் மனு தந்திருக்கிறது. 'ஆசானின் நேரடிக் கவனிப்பு' என்று எழுதியிருந்த அந்த விளம்பரம் இப்போது அவர்கள் பக்கத்தில் இல்லை. என் தம்பியின் கைப்பேசியில் அதன் திரைப்பிடிப்பு தப்பிக் கிடந்ததால் பிழைத்தோம். அதையும், பாராட்டுகள் வந்த நேரக் குறிப்புகளையும் அடுத்த விசாரணையில் தாக்கல் செய்யவிருக்கிறோம். நீங்கள் எதில் சேர்வதானாலும் விளம்பரத்தையும் கட்டண நிபந்தனைகளையும் பணம் கட்டும் நாளிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.