36 வோல்ட் கோல்ஃப் கார்ட்டை 48 ஆக்கினால் கிடைப்பது என்ன?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் கோல்ஃப் கார்ட் விளையாட்டு வண்டி அல்ல. ஊருக்குள் 100 மைலுக்கும் மேல் கார்ட் பாதை இருக்கிறது. காய்கறிக் கடைக்கும் நூலகத்துக்கும் அதில்தான் போகிறோம், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்கே அதில் போகிறார்கள். ஈஸி-கோ கம்பெனியின் பழைய 36 வோல்ட் கார்ட் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "48-க்கு மாத்திட்டீங்களா?" என்பதில் வந்து நிற்கும்.

என்னுடையது ஈஸி-கோவின் டிஎக்ஸ்டி மாடல், சீரிஸ் மோட்டார் (உள்ளே இருக்கும் சுருள்கள் எல்லாவற்றிலும் ஒரே கரன்ட் ஓடும் வகை) போட்டது. இருக்கைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரி ஆறு. எல்லாவற்றுக்கும் வயதாகி, சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது வீட்டருகே இருக்கும் மேட்டில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. எப்படியும் பேட்டரி வாங்கத்தான் வேண்டும் என்றான பிறகு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

48 போட்டால் தூரம் கூடும் என்ற ஆசையில் முதல் கணக்கே மண்ணைப் போட்டது. கார்ட்டுக்காரர்களுக்கு நன்கு பழகிய 6 வோல்ட் பேட்டரி ட்ரோஜன் டி-105. கொள்ளளவு 225 ஆம்பியர்-மணி. ஆறு சேர்த்தால் 36 × 225 = 8,100 வாட்-மணி, அதுதான் உள்ளே தேங்கும் மொத்த மின்சாரம். அதே கம்பெனியின் 8 வோல்ட் டி-875 என்பது 170 ஆம்பியர்-மணி. ஆறு சேர்த்தால் 48 × 170 = 8,160. வித்தியாசம் 60 வாட்-மணி, அதாவது ஒரு குண்டு பல்பு ஒரு மணி நேரம் எரியும். எடையும் இரண்டுக்கும் 170 கிலோவை ஒட்டித்தான். ஏறக்குறைய அதே அளவு ஈயத்தை மூன்று அறைக்குப் பதில் நான்கு அறையாகத் தடுத்திருக்கிறார்கள். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், அது உண்மை. ஆனால் வேகமாகப் போகும் வண்டி அதிகம் குடிக்கும், ஆகவே தூரம் குறையவே வாய்ப்பு.

லெட் ஆசிட் என்கிற இந்த ஈய பேட்டரியில் நிஜமாகவே தூரம் வேண்டுமென்றால் டி-105 எட்டு போட வேண்டும்: 10,800 வாட்-மணி. இடம் எங்கே? கூடுதல் இரண்டுக்குத் தனியாகத் தட்டு அடிக்க வேண்டும், பின் சக்கர ஸ்பிரிங் பட்டையையும் பலமாக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நிறையப் பேர் செய்யும் இன்னொரு வேலை இருக்கிறது. இருக்கும் ஆறோடு ஒரு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 48 ஆக்கிவிடுவது. நானும் சில வாரம் அப்படி ஓட்டினேன். முதல் நாள் வண்டி பறந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் வரிசையாக இணைத்த பேட்டரிகள் எல்லாவற்றிலும் ஒரே கரன்ட்தான் ஓடும். அதில் கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகும், காலியான பிறகும் மற்றவை அதன் வழியாகக் கரன்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசியில் அது தலைகீழாகச் சார்ஜ் ஏறிச் செத்துப்போகும். சார்ஜ் போடவும் 36-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று என்று இரண்டு சார்ஜர் வேண்டும். என் 12 வோல்ட் பேட்டரி ஒருநாள் வழியிலேயே படுத்தது, வண்டியை மச்சான்தான் கட்டி இழுத்து வந்தார். மலிவான வழி என்று இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, மேட்டுக்கு வருவோம். 48 போட்டால் இழுவை கூடும் என்று எல்லாரும் சொல்வார்கள். சீரிஸ் மோட்டாரில் முறுக்குவிசை வருவது அதில் ஓடும் ஆம்பியரால். வோல்ட் தருவது சுழலும் வேகத்தை. ஒரே மேட்டில் ஏற மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியர் 36-லும் 48-லும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 48-ல் அதே மேட்டைக் கொஞ்சம் விரைவாக ஏறலாம், அவ்வளவே. நின்ற இடத்திலிருந்து இழுக்கும் பலத்துக்கு எல்லை போடுவது கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை அளந்து விடும் பெட்டி. அதை 400 ஆம்பியர் தாங்கும் ஒன்றாக மாற்றினால்தான் அந்த எல்லை நகரும். எனக்கு மூச்சு வாங்கியதற்குப் பாதிக் காரணம் கன்ட்ரோலர், மீதிப் பாதி சுமை ஏறியதும் வோல்ட் சரிந்துபோகும் கிழட்டுப் பேட்டரி.

48-க்குப் போவதென்றால் பேட்டரியோடு முடியாது. கன்ட்ரோலர் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 36/48 என்று இருந்தால் பிழைத்தீர்கள், வெறும் 36 என்றால் அது தாங்காது. அடுத்தது சொலினாய்டு, பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் மின்காந்த சுவிட்ச். 36 வோல்ட் சொலினாய்டின் சுருளில் 48 கொடுத்தால் வெப்பம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு, சில நாளில் கருகும். அதன் தொடுமுனைகளுக்குக் குறுக்கே சின்ன ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், அதை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கன்ட்ரோலரின் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரன்ட்டை இழுத்து, சொலினாய்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். சார்ஜர் புதிது. விளக்குக்காக இரண்டு 6 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 எடுத்திருந்தால், இரண்டு 8 வோல்ட்டில் அது 16 ஆகிவிடும், ஹாரனும் விளக்கும் காலி. 48-ஐ 12 ஆக்கித் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்று போட்டுவிடுங்கள்.

லித்தியத்தில் இரண்டு அளவு பார்த்தேன். இரண்டும் இரும்பு பாஸ்பேட் வகை. 12 செல் கொண்ட 38.4 வோல்ட், 105 ஆம்பியர்-மணி என்றால் 4,032 வாட்-மணி. 16 செல் கொண்ட 51.2 வோல்ட், அதே 105 என்றால் 5,376. ஈயத்தின் 8,100-க்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் ஈயத்தில் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். லித்தியத்தில் 80, 90 சதவீதம் எடுக்கலாம். ஆகவே 51.2 வோல்ட் பேட்டரி ஈயத்தை முந்திவிடுகிறது, எடையிலோ 100 கிலோவுக்கும் மேல் மிச்சம். சுமையில் வோல்ட் சரிவதும் மிகக் குறைவு. மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கையில் ஆசிட் படுவதும் இல்லை. குறை என்றால் முதல் செலவு, அப்புறம் குளிர்: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது. இங்கே வருடத்தில் சில ராத்திரிதான் அப்படி வரும், கராஜில் வைத்தால் போதும்.

சமதரையில் ஓட்டுபவர், வேகம் போதும் என்பவர் 38.4 லித்தியம் வாங்கி, சார்ஜரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. உங்கள் மோட்டார் செபெக்ஸ் வகை என்றாலும் இதுவே சரி, ஏனென்றால் அதில் பீல்டு கரன்ட்டை, அதாவது மோட்டாரின் காந்தப்புலத்தை உண்டாக்கும் கரன்ட்டை, கன்ட்ரோலர் தனியாக ஆள்கிறது. வோல்ட்டை மட்டும் ஏற்றிப் பயனில்லை. 72 வோல்ட்டைப் பற்றி எனக்கு ஒரே வரி: மோட்டாரையே மாற்ற வேண்டும், என் வண்டிக்கு பிரேக் இருப்பதோ பின் சக்கரம் இரண்டில் மட்டும். தவிர, மணிக்கு 20 மைலைத் தாண்டி 25 வரை ஓடும் வண்டியை 1998-ல் வந்த அமெரிக்க மத்திய அரசு விதி தனி ரகமாக வைத்திருக்கிறது. சீட் பெல்ட், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் கேட்கும்.

எனக்கு மேடு இருப்பதால் கன்ட்ரோலரை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. அதோடு சொலினாய்டும் தடித்த கேபிளும் கூடவே வந்துவிடுகின்றன. அப்படி இருக்கையில் 36-ல் நிற்க எனக்குக் காரணம் இல்லை, 51.2 லித்தியத்தையே எடுத்தேன். வாங்கும்போது பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுச் சுற்றான பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்தேன். தொடர்ந்து 200 என்று போட்டிருந்தது. 400 ஆம்பியர் கன்ட்ரோலர் அதற்கு மேல் இழுத்தால் பிஎம்எஸ் மேட்டில் பாதியில் பேட்டரியை அணைத்துவிடும் என்பதால், பேட்டரியிலிருந்து இழுக்கும் கரன்ட்டுக்குக் கன்ட்ரோலரில் 200 என்று எல்லை வைத்தேன். த்ராட்டிலையும் 80 சதவீதத்தோடு நிறுத்தியிருக்கிறேன். 48-க்கு மாற்றிய வண்டி இப்போது சமதரையில் பழைய வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் போகிறது. மச்சானுக்கு இதில் பெரிய ஏமாற்றம்.