சுங்கை சிப்புட் அடுமனையின் ஹாலோவீன் பலகாரங்கள்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள சிறிய அடுமனை ஒன்று, அக்டோபர் கடைசி வாரத்தில், 31ஆம் தேதி இரவு பேய் வேடங்களோடு கொண்டாடப்படும் ஹாலோவீனுக்கென்று தனிப் பலகாரங்கள் போடுகிறது. பேரங்காடிகளில் தொங்கும் நெகிழி எலும்புக்கூடுகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தப் பண்டிகையின் வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கடைக்காரர்கள் பலகாரத்தின் வழியாகவே சொல்ல முயன்றிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது ஆன்ம அப்பம். ஜாதிக்காய் மணக்கும், மேலே சிலுவைக் கோடு கீறிய, உள்ளங்கை அளவு வட்ட அப்பம் இது. இடைக்கால இங்கிலாந்தில், நவம்பர் முதல் இரு நாள்களில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று இத்தகைய அப்பங்களைப் பெற்றுக்கொண்டு, அந்தந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டார்கள். இன்று பிள்ளைகள் வேடமிட்டு மிட்டாய்க்குக் கதவைத் தட்டும் வழக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று குடும்பக் கல்லறைகளைக் கழுவி, பூமாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றும் நம் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. அப்பத்தில் இனிப்பு மட்டும் சற்றுத் தூக்கல்.

பார்ம்பிராக் என்னும் அயர்லாந்து ரொட்டியில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேநீரில் ஊறிய உலர்திராட்சை ஒவ்வொரு துண்டிலும் தாராளமாகக் கிடைக்கிறது. வெண்ணெய் தடவிக் கோப்பி ஓவுடன் சாப்பிட அருமையாக இருக்கிறது. மாவுக்குள் மோதிரம், காசு, துணித்துண்டு ஆகியவற்றை ஒளித்து வைத்து, மோதிரம் கிடைத்தவருக்குத் திருமணம், காசு கிடைத்தவருக்குச் செல்வம், துணி கிடைத்தவருக்கு வறுமை என்று குறி பார்ப்பது அங்குள்ள வழக்கம். இங்கே மோதிரத்தை வெண்ணெய்த்தாளில் சுற்றி வைப்பதோடு, விற்கும்போதே அதைச் சொல்லியும் தருகிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தக் கவனம் மிக அவசியம்.

விளக்க அட்டைகளில்தான் திருத்தம் வேண்டும். ஹாலோவீனுக்கு வேராகக் கருதப்படும் சௌவின் என்பது சாவுக்குரிய தெய்வத்தின் பெயர் என்று ஓர் அட்டை சொல்கிறது. உண்மையில் அது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளின் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து, மாடுகளை மேய்ச்சல் மேடுகளிலிருந்து இறக்கி, குளிர்காலத்தை எதிர்கொண்ட திருநாள். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வைக்கும் பூசணி விளக்கும் அக்காலத்தது என்பது இன்னொரு பிழை. பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். அயர்லாந்துக்காரர்கள் பழைய நாளில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள், அமெரிக்காவில் குடியேறிய பிறகே பெரிதும் மென்மையுமான பூசணிக்கு மாறினார்கள். அட்டை தவறினாலும் கல்லாமேசை தவறவில்லை: பெரிய டர்னிப் கிடைக்காததால் செங்குவாங் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்திருக்கிறார்கள். மெழுகுவத்திச் சூட்டில் பழுப்பேறி, கன்னம் ஒட்டிச் சுருங்கிய அந்த முகத்தைப் பார்த்தால், பழைய விளக்குகள் ஏன் அச்சமூட்டின என்பது உடனே விளங்கும்.

பாட்டோ கவிதையோ சொல்லும் பிள்ளைகளுக்கு ஓர் அப்பம் இலவசம். ஸ்காட்லாந்தில் வேடமிட்டு வரும் பிள்ளைகள் எதையாவது பாடிக் காட்டித்தான் தின்பண்டம் பெறுவார்கள் என்பதை அறிந்து செய்திருக்கிறார்கள். நான் இருந்தபோது தமிழ்ப்பள்ளிச் சீருடையில் வந்த சிறுமி ஒருத்தி, கைகளைக் கட்டிக்கொண்டு முழுப் பாடலையும் தடுமாறாமல் பாடி அப்பத்தை வாங்கிச் சென்றாள்.

அப்பம் 3 வெள்ளி, முழு ரொட்டி 18 வெள்ளி. ரொட்டி பிற்பகலுக்குள் தீர்ந்துவிடுவதால் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.