நாய்க்கு பாலிசியா, தனிச் சேமிப்பா? குமரி மாவட்டத்துக்கு ஒரு கணக்கு

பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் பாலிசி தேவையா என்று சொல்ல முடியும். குமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும், ஈரம் காயாது, உண்ணிக்கு அது நல்ல காலம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே ரத்தப் பரிசோதனை, கூடவே ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பது. தீனி எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாள் ட்ரிப்ஸ். காரணம் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் 28 நாள், நடுவில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையை மறுபடி பார்க்க வேண்டும். பபீசியா என்ற இன்னொரு உண்ணிக் கிருமியில் ஒரு வகைக்கு அடோவாகுவோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து 10 நாள் கொடுக்க வேண்டும், அந்த மருந்து விலை கூடியது. அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமலேயே ரசீது நீண்டுவிடும்.

தனியார் கம்பெனிகளின் நோய் பாலிசி இங்கே உதவும், ஆனால் முழுதாக அல்ல. ஒரு மாதிரிக் கணக்கு: பிரீமியம் ஜிஎஸ்டி சேர்த்து ஆண்டுக்கு 5,000 ரூபாய், மருத்துவ ரசீது 18,000. ஷாம்பு, சத்து டானிக், தனித் தீனி என்று 2,500 கழியும். மீதி 15,500இல் 20 சதவீதம் நம் பங்கு என்று நிபந்தனை இருந்தால் கைக்கு வருவது 12,400. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு ரசீது வந்தால்தான் கட்டின பணம் திரும்பும். நாகர்கோவிலில் இருந்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வரும் கார் வாடகையைப் பொதுவாக யாரும் தரமாட்டார்கள். ‘காப்பீட்டுத் தொகை 50,000’ என்ற பெரிய எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்று உள்ளே தனி வரம்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பாலிசியில் நாம் அடிக்கடி தோற்கும் இடங்கள் மூன்று. எடுத்த உடனே நோய்க்குப் பணம் கிடையாது, காத்திருப்புக் காலம் உண்டு. ஆனியில் மழை பிடித்த பிறகு பாலிசி எடுத்தால் அந்த உண்ணிக் காய்ச்சலுக்குப் பயன்படாது, பங்குனியிலேயே எடுத்திருக்க வேண்டும். அடுத்தது தடுப்பூசி அட்டை. எலிக்காய்ச்சல் தடுப்பூசி முதலில் 3 அல்லது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. தேதி தவறியிருந்தால், பார்வோ (ரத்தக் கழிச்சல் தரும் வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் க்ளெய்மை மறுக்க அதுவே போதும். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும். கடைசியாக, புதுப்பிக்கும் தேதி. ஒரு வருடம் விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் பழைய நோயெல்லாம் ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும். அதற்குள் நாய்க்கு வயது கடந்திருந்தால் சேர்க்கவே மாட்டார்கள்.

இறப்புக்கு மட்டும் தரும் பாலிசி வேறு. நாயின் சந்தை விலைதான் அதில் கணக்கு. வாங்கின ரசீதோடு ஒரு ராட்வீலர் இருந்தால் பொருள் உண்டு. தெருவில் இருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு அதில் மதிப்பே வராது, வீட்டில் அதன் மதிப்பு என்னவாக இருந்தாலும். சிகிச்சைச் செலவுக்கும் இது உதவாது. இதை வேண்டாம் என்றே சொல்வோம்.

தனிச் சேமிப்பில் நிபந்தனை கிடையாது. மாதம் 1,000 போட்டால் மூன்று ஆண்டில் 36,000. பூனைக்கும் எடுக்கலாம், 11 வயதுக் கிழட்டு நாய்க்கும் எடுக்கலாம். ஆனால் எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். மாதாமாதம் கட்டும் அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுக்கானது, மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும், அவ்வளவுதான். சீட்டும் சரிப்படாது: அவசரத்துக்கு ஏலம் எடுத்தால் தள்ளு அதிகம் போகும். சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து, அதன் ஏடிஎம் கார்டை வீட்டில் எல்லாரும் அறிந்த இடத்தில் வையுங்கள்.

சேமிப்பின் பலவீனம் முதல் வருடம்தான். மூன்றாம் மாதம் ரப்பர் விளையில் பாம்பு கடித்தால் கையில் 3,000 தான் இருக்கும். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கு மட்டுமே. மேற்குமலைப் பக்க விளைகளில் சருகுக்குள் கிடக்கும், மூக்கு மேல்நோக்கிய குழிவிரியனின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. அதற்கு ட்ரிப்ஸ், வலிமருந்து, சிறுநீரகக் கண்காணிப்பு என்று நாட்கணக்கில் போகும். முடிந்தால் பாம்பைத் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக் காட்டினால் பயனில்லாத குப்பிகளுக்குப் பணம் போகாது. பல பாலிசிகளில் விபத்துக்குக் காத்திருப்புக் காலம் குறைவு அல்லது இல்லை. பாம்புக்கடி விபத்தில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் மாட்டாஸ்பத்திரியை விட்டுவிட வேண்டாம். தடுப்பூசி, குடற்புழு மருந்து, சிறு காயம் எல்லாம் அங்கே முடியும். விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக தினமான ஜூலை 6ஐ ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசி இலவச முகாம்கள் நடக்கும். பெட்டை நாய்க்குக் கருத்தடை கட்டாயம் செய்யுங்கள். பாலிசி அதற்குப் பணம் தராது, ஆனால் கருப்பையில் சீழ் பிடித்து அவசர அறுவை சிகிச்சைக்குப் போவதைக் கருத்தடை தடுக்கும். கருத்தடை செய்யாத நாய் சூடு அடங்கிய ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஸ்கேன்.

ஆக, விளையிலும் ரோட்டிலும் ஓடும் இளம் நாய்க்கு, அதிலும் விலை கொடுத்து வாங்கிய இனத்துக்கு, நோய் பாலிசியும் மாதம் 500 சேமிப்பும். வீட்டோடு கிடக்கும் நாட்டு நாய்க்கும் பூனைக்கும் 1,000 சேமிப்பு போதும். ஆளைக் கடிக்கக்கூடிய பெரிய நாய் என்றால், மூன்றாம் நபர் இழப்பீடு உள்ள பாலிசியைப் பாருங்கள். நாயை அசட்டையாக விட்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் வரும் அபராதத்தை மட்டும் அது கட்டாது.

க்ளெய்முக்கு ஒவ்வொரு ரசீதிலும் நாயின் பெயர், மைக்ரோசிப் அல்லது அடையாள எண், நோயின் பெயர் இருக்கட்டும். ‘மருந்து, மொத்தம்’ என்று ஒற்றை வரி ரசீது செல்லாது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தவர் திருவனந்தபுரம் போனால், அங்கேயும் டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதன் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள், பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். கட்டணம் இல்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும்.