இனிப்புநீர் பூனைக்கு உணவு வாங்குகிறீர்களா? முதலில் சாக்கைக் காட்டச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பூனை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இனிப்புநீர் (நீரிழிவு நோய்) உள்ள பூனைக்கென்று சொல்லிச் சாதாரண உணவை எங்களுக்கு விற்ற கடையின் பெயரைப் போடவில்லை, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருப்பதால் அது அங்கேயே பேசப்படட்டும். ஆனால் அதே சரக்கு வேறு கடைகளிலும் அதே மாதிரிக் கண்ணாடிப் பைகளில் தொங்குவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

எங்கள் மணி காயடித்த ஆண் பூனை, உடம்பும் கனத்தவன். இப்படிப்பட்ட பூனைகளுக்குத்தான் இனிப்புநீர் அதிகம் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடந்தான். பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடக்கத் தொடங்கினான். ஈப்போவில் மருத்துவரிடம் காட்டியதும் நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் எழுதினார். மாவுச்சத்துக் குறைந்த டின் உணவுக்கு மெல்ல மாற்றச் சொன்னார். எதை மாற்றுவதானாலும் தன்னைக் கேட்காமல் ஊசியின் அளவில் கை வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகவும் சொல்லி அனுப்பினார்.

டின் கேட்டுப் போன கடையில்தான் இந்த வியாபாரம் நடந்தது. "டின் எதற்கு அக்கா, வீண் செலவு. இதில் தானியமே கிடையாது. இனிப்புநீர் பூனைக்கென்றே வருகிறது" என்று கடைக்காரர் ஒரு பையை எடுத்து வைத்தார். அதில் கணினியில் அச்சடித்து ஒட்டிய தாள்: 'டயபெட்டிக் பூனை உணவு, மாவுச்சத்துக் குறைவு'. ஒன்றரைக் கிலோ 48 ரிங்கிட். அதோடு விட்டிருந்தால் போன பணம் போகட்டும் என்றிருப்பேன். "இதைப் போட ஆரம்பித்தால் ஊசியைப் பாதியாக்கிவிடலாம், அடுத்த மாதம் நிறுத்தியே விடலாம்" என்றும் அளந்தார். மணியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

அந்த உணவைப் போட்டாலும் ஊசியை நாங்கள் குறைக்கவில்லை. காது விளிம்பில் குத்தி மீட்டரில் பார்த்துக்கொண்டே வந்தோம். நோயில்லாத பூனைக்கு ஏறக்குறைய 4 முதல் 7 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சர்க்கரை 20க்குக் கீழே இறங்கவே இல்லை. கடைக்காரர் பேச்சை நம்பி இந்த நிலையில் ஊசியைப் பாதியாக்கினால் உடம்பு கொழுப்பை எரித்துக் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். வாந்தி எடுத்துச் சுருண்டு படுக்கும் பூனையை மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

மறுபடி கடைக்குப் போனபோது பின்கட்டில் ஒரு பையன் 20 கிலோ சாக்கிலிருந்து அள்ளி அதே பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தான். சாக்கின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். சாதாரணப் பூனை உணவு. இனிப்புநீர் என்றோ மாவுச்சத்துக் குறைவு என்றோ தயாரித்தவர்கள் எங்கும் சொல்லவில்லை. ஈப்போவில் அதே சாக்கு 190 ரிங்கிட்டுக்கு விற்கிறது. கிலோ பத்து ரிங்கிட்டுக்கும் குறைவான பொருள், ஒரு தாளை ஒட்டியதும் 32 ஆகிவிட்டது.

சாக்கில் இருந்த கணக்கு இது: புரதம் 28, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாதுப்பொருள்) 8. கூட்டினால் 60. நூறில் மிச்சம் 40, அதுதான் மாவுச்சத்து. இந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் அச்சிடுவதில்லை, நாமே கழித்துத்தான் பார்க்க வேண்டும். சாம்பல் போடப்படாத பொட்டலத்தில் உலர் உணவென்றால் 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் காட்டிய டின்னில் புரதம் 11, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2. மிச்சம் வெறும் 1. ஈரத்தை நீக்கி ஒப்பிட்டாலும் டின்னில் நூற்றுக்கு 5, சாக்கில் 44.

தானியம் இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் எரிச்சல். அரிசியும் சோளமும் இல்லைதான். அவற்றுக்குப் பதில் மரவள்ளி மாவு, பட்டாணி, உருளைக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தோட்டத்துத் தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளிடமா இந்த வித்தை? உலர் உணவு உருண்டை பிடித்து நிற்கவே பெரும்பாலும் மாவு வேண்டும். பூனையோ இறைச்சி தின்னவே பிறந்த பிராணி, இவ்வளவு மாவைச் சமாளிக்கும் உடல்வாகு அதற்கு இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பிரித்த பையை எடுப்பதில்லை அக்கா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதே பையை வாங்கிக்கொண்டு போனார். சாக்கைப் பற்றி அவரிடம் சொன்னேன், கேட்டாரா என்று தெரியாது.

பிறகு டின்னுக்கு மாறினோம். குழம்போடு வரும் டின்களைத் தவிர்த்தோம், குழம்பைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் மாவுதான். பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். பிடிக்காத உணவை வைத்துவிட்டுப் பட்டினி போட்டால், அதுவும் கனத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு இந்த உணவு ஒத்துவருமா என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாவு உண்மையிலேயே குறைந்ததும் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. இங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது. உணவு மாறியும் ஊசி பழைய அளவிலேயே போனால் சர்க்கரை மளமளவென்று விழும். பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும். அந்த நேரத்தில் ஈறில் தேனையோ சர்க்கரைப் பாகையோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். எங்கள் மருத்துவர் மீட்டர் அளவுகளைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக ஊசியைக் குறைத்தார். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு. அதை வைத்துத்தான் கடைக்காரர் கதை கட்டியிருக்கிறார்.

ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நான் ரசீது கேட்டபோது தாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். கைப்பேசியில் பணம் செலுத்தியிருந்ததால் அந்தப் பதிவு கையில் இருக்கிறது. ஒட்டிய தாளோடு மிச்சமிருக்கும் பையையும் சாக்கின் படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி வந்ததும் இங்கேயே சொல்கிறேன். அதே பையை வாங்கியவர்கள் இருந்தால் தாளைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள்.