அன்டனானரிவோ ராஜா வீடுகள்: ரோவாவைச் சீக்கிரம் முடியுங்கள், அம்போஹிமங்காவில் நின்று பாருங்கள்

மடகாஸ்கர் போகிறேன் என்றால் எங்கள் காரைக்குடிப் பக்கம் குரங்கு பார்க்கவா என்றுதான் கேட்பார்கள். லெமூர் இருக்கட்டும், தலைநகர் அன்டனானரிவோவில் இறங்கினால் ராஜா வீடுகளுக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஆனால் அந்த நாளை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம்.

எல்லோரும் முதலில் போவது ரோவா என்கிற அரண்மனை வளாகம். ஊரின் உச்சி மேட்டில் நிற்பதால் தேடவே வேண்டாம். ராணி முதலாம் ரனவலோனாவுக்காக ழான் லபோர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் மரத்தில் எழுப்பிய அரண்மனை, அப்புறம் ஜேம்ஸ் கேமரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு வெளியே கல் சுவர் கட்டினார், 1995 நவம்பர் 6 ராத்திரி பிடித்த தீயில் மரமெல்லாம் போய் அந்தக் கல் கூடுதான் மிஞ்சியது. இப்போது மீட்டு எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து ஊரைப் பார்க்கலாம், அருமை. ஆனால் அதே வளாகத்துக்குள் ரோமாபுரி பாணியில் ஒரு காங்கிரீட் அரங்கம்! செட்டிநாட்டு வளவுக்கு நடுவில் கல்யாண மண்டபம் கட்டிய மாதிரி. உள்ளூரிலேயே எதிர்ப்பு கிளம்பியதில் ஆச்சரியமே இல்லை.

ஊரிலிருந்து 24 கிலோமீட்டரில் அம்போஹிமங்கா, 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பழைய ராஜா குன்று. டிராஃபிக் கொல்லும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வாசலில் பெரிய வட்டக்கல், அதை உருட்டித்தான் கதவு அடைப்பார்களாம். நான் அசந்து நின்றது மதிலுக்கு முன்னால். 1847-ல் கட்டிய மதில், சாந்து சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும், 1 கோடியே 60 லட்சம் முட்டை செலவானதாகச் சொல்கிறார்கள்! நம் செட்டிநாட்டு வீடுகளில் முட்டைச் சாந்து உள்சுவர் வழவழப்புக்கு, அங்கே அதை மழையில் நிற்கிற கோட்டை மதிலுக்கே போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கொத்தனார் யாரையாவது கூட்டிப் போயிருந்தால் நகர்ந்திருக்கவே மாட்டார்.

மன்னர் அந்திரியானம்போய்னிமெரினாவின் வீடு ஒரே ஒரு அறை, கருத்த மரம், நடுவில் 10 மீட்டர் ஒற்றைத் தூண். வலது காலை எடுத்து வைத்துத்தான் நுழைய வேண்டும், வெளியே வரும்போது பின்பக்கமாகவே நடந்து வர வேண்டும். யாராவது வந்தால் மன்னர் மேலே விட்டத்தில் ஏறி ஒளிந்துகொள்வாராம், வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று கூழாங்கல்லைக் கீழே போட்டு ராணிக்குச் சைகை காட்டுவாராம். கதையோ நிஜமோ, அந்த இருட்டு அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. இத்தனைக்கும் தீவின் பெரும்பகுதியை ஒரே ராஜ்ஜியமாக்கும் வேலையைத் தொடங்கியவர் அவர். பக்கத்திலேயே பிற்கால ராணிகளின் ஐரோப்பிய பாணி மாளிகை, கண்ணாடி ஜன்னல், சாப்பாட்டு மேசை சகிதம். சும்மா ஒரு சுற்று போதும்.

ஒரே குறை, எங்களுக்கு வாய்த்த கைடு பிரெஞ்சில்தான் சரளம், பாதிக் கதை காற்றோடு போச்சு. ஆங்கிலம் பேசுகிறவர் வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். இன்றைக்கும் ஜனங்கள் நேர்ந்துகொண்டு வந்து கும்பிடுகிற இடம், அதனால் அங்கிருக்கும் ராஜ குடும்பத்துக் கல்லறைப் பக்கம் விரல் நீட்டிக் காட்டாதீர்கள், தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர். காரம் மட்டும் தனியாகக் கிண்ணத்தில் வரும், அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள், நம் நாக்குக்கே சுரீர் என்கிறது.