சிப்பொலீத்தேயில் மூன்று விடுதிகள்: ஒரு யாழ்ப்பாண இணையின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் இரண்டு ஆண்கள் ஒரு விடுதியில் அறை எடுப்பது கடினமான காரியம் அல்ல. ஓர் ஆணும் பெண்ணும் போய் நின்றால்தான் வரவேற்பு மேசையில் இருப்பவர் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கலியாணம் முடித்தவர்களா என்று விசாரிப்பார். எங்களை அப்படி விசாரிப்பதில்லை. "அண்ணை, ரெண்டு கட்டில் போட்ட அறை இருக்கு" என்று திறப்பை நீட்டிவிடுவார்கள். என் துணைவர் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் திறப்பை வாங்கிக்கொண்டு போய் ஒரு கட்டிலில் உறங்குவோம். விடிந்ததும், அறையைத் துப்புரவு செய்ய வருபவர் காண்பதற்காக, மற்றக் கட்டிலின் விரிப்பைக் கசக்கி, தலையணையில் கையால் ஒரு குழி பதித்துவிட்டு வெளியே வருவோம். அறை கிடைக்கிறது, பொய்யின் பேரில் கிடைக்கிறது. ஒருபாலின உறவைக் குற்றமாக்கும், இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னரும், அந்தப் பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. ஆகவே அந்த விரிப்பைக் கசக்காமல் வெளியே வரும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை.

ஒரு விடுதி எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றதா என்று பார்க்கும்போது நான் முதலில் கட்டிலைப் பார்ப்பது இதனால்தான். மெக்சிக்கோவின் பசிபிக் கரையிலுள்ள சிப்பொலீத்தேயில் கடந்த மாசி மாதம் 10 இரவுகள், மூன்று வெவ்வேறு விடுதிகளில் தங்கினோம். அங்கு போக விரும்பும் தமிழ் இணைகளுக்கு அந்த அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். விடுதிகளின் பெயர்களைச் சொல்லவில்லை. அந்த ஊரில் விடுதிகள் கைமாறுவதும், நடத்துபவர்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதும் வழக்கம். இன்றைக்கு நல்லதாக இருக்கும் ஒரு பெயரைவிட, எதைக் கேட்டுத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே நீண்ட காலம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒஹாக்கா மாநிலத்தின் தெற்குக் கரையில், புவர்த்தோ ஆங்ஹெலுக்கு அருகில், ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் நீளமான ஒரே மணற்கரையும் அதை ஒட்டிய சில தெருக்களுமே சிப்பொலீத்தே. 1970 மார்ச்சில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வந்த ஹிப்பிகள் தங்கிப்போனதிலிருந்து இந்தக் கரையின் கதையைத் தொடங்குவார்கள். கரையில் உடை உடுத்துவதும் விடுவதும் அவரவர் விருப்பம். 2016இல் அதற்கு அதிகாரபூர்வமான அனுமதியும் கிடைத்தது. ஒஹாக்காவில் ஒருபாலினத் திருமணம் 2019இல் சட்டமானது; 2022இன் இறுதிக்குள் மெக்சிக்கோவின் எல்லா மாநிலங்களிலும் சட்டமானது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரிடம் செல்லுபடியாகும் கனடா அல்லது அமெரிக்க விசா இருந்தால் மெக்சிக்கோவுக்குத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. நான் ரொறன்ரோ வழியாகத்தான் போனேன். வத்துல்கோ விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் ஒரு மணி நேரப் பயணம். ஊர்களுக்கிடையே ஓடும் வாகனத்தைக் கண்டதும் துணைவர் "தட்டிவான்!" என்று கத்திவிட்டார். பின்புறம் திறந்து, இரு பக்கமும் பலகை இருக்கை போட்டு, மேலே படங்கு விரித்த அந்தச் சிறு லொறியில் ஏறியபோது, பருத்தித்துறையில் அவருடைய அம்மம்மா சந்தைக்குப் போய்வந்த வண்டியின் நினைவு எங்கள் இருவருக்கும் வந்தது.

முதல் விடுதியை முற்பதிவுத் தளத்தில் தெரிவுசெய்தோம். வாசலில் வானவில் கொடி. விளம்பரத்தில் தன்பாலீர்ப்பினருக்கு நல்வரவு. கடலைப் பார்த்த நீச்சல் தடாகத்தில் உடை கட்டாயமில்லை என்ற குறிப்பு. இவை போதும் என்று நினைத்தோம். பெரிய கட்டில் ஒன்று வேண்டும் என்று பதிவில் தெளிவாகக் குறித்திருந்தும், அறையைத் திறந்தபோது இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இடையில் ஒரு சிறு மேசையோடு கிடந்தன. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, மேசையில் இருந்த இளைஞர் எங்கள் இருவரின் கடவுச்சீட்டுகளையும் பார்த்துவிட்டு, "எர்மானோஸ்?" என்றார். சகோதரர்களா என்று பொருள். கறுத்த நிறம், ஒரே மாதிரியான நீண்ட பெயர்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனால் வாசலில் அந்தக் கொடியைக் கட்டியவர்கள், அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைத் தங்கள் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று மாற்ற அறை இல்லை என்றார்கள். மறுநாள் காலை நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது, துணைவர் மற்றக் கட்டிலருகே குனிந்து விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து உலகத்தின் மறுபக்கத்துக்கு வந்த பின்னும் அந்தக் கை தானாகவே அதைச் செய்தது. கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலைவிடப் பெரிய குறை ஒன்றும் அங்கு இருந்தது. தடாகத்தைச் சுற்றி உடையின்றிப் படுத்திருந்தவர்களுக்கு நடுவே, விருந்தினர் சிலர் கைபேசியை உயர்த்திக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பணியாளர் எவரும் தடுக்கவில்லை. நாங்கள் முறையிட்டபோது, அது விருந்தினருடைய சுதந்திரம் என்று பதில் வந்தது. இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. உடை களைவது என் சுதந்திரம் என்றால், களைந்த உடம்பு இன்னொருவருடைய கைபேசியில் ஏறாதிருப்பதும் அந்தச் சுதந்திரத்தின் பகுதிதான். எங்களுக்கு இது கூச்சம் மட்டும் சார்ந்த விடயம் அல்ல. வாட்ஸ்அப்பில் ஒரு படம் ஸ்காபரோவுக்குப் போய், அங்கிருந்து கொக்குவிலுக்கு வர ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். அதன்பின் நான் வேலை செய்யும் இடத்திலும், என் தங்கையின் புகுந்த வீட்டிலும் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூன்று இரவுகளுக்குக் காசு கட்டியிருந்தோம். இரண்டாம் நாளே வெளியேறினோம். எஞ்சிய இரவுகளின் காசு திரும்பவில்லை.

அடுத்த விடுதி, கிழக்கு முனையில் உள்ள பிளாயா டெல் அமோர் என்ற சிறு குடாவுக்குப் போகும் வழியில், ஒரு குன்றின் மேல் இருந்தது. ஆறே அறைகள். ஊர்க்காரர் ஒருவரும் அவருடைய துணைவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். வாடகை முதல் விடுதியின் பாதிக்குச் சற்று மேல். பதிவேட்டில் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு, ஒரே திறப்பைத் தந்து, அவர் கேட்ட ஒரே கேள்வி, "நுளம்பு வலை வேண்டுமா?" என்பதுதான். படிகளில் ஏறும்போது துணைவர் மெல்ல, "ஒண்டும் கேக்கேல்லைப் பார்" என்றார்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூரை ஓலையால் வேய்ந்தது. ஓலையை மடக்கி வரிச்சில் கட்டியிருந்த விதம் எங்கள் ஊர்க் கிடுகு வேய்ச்சலிலிருந்து வேறுபட்டாலும், காற்று அடிக்கும்போது எழும் சரசரப்பும், மதியம் கூரைக்கடியில் தங்கும் குளிர்ச்சியும் அதேதான். நடுவில் ஒரே ஒரு அகன்ற கட்டில். இரு பக்கமும் இரண்டு விளக்குகள். மேலிருந்து தொங்கும் வெள்ளை வலை. இரண்டாவது கட்டில் இல்லாத அறையில் விடிகாலையில் கை செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. விறாந்தையில் கட்டியிருந்த ஏணையில் படுத்தபடி, கீழே கடல் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தடாகத்துக்குப் போகும் வாசலில் ஒரு மரப்பலகையில் மூன்று விதிகள் எழுதப்பட்டிருந்தன: கைபேசி அறையிலேயே இருக்கட்டும், கதிரையில் துவாய் விரித்து உட்காரவும், குசினிக்குள் வரும்போது உடுத்துக்கொண்டு வரவும். முதலாம் விதியை மீறிய ஒருவரிடம் உரிமையாளரே நேரில் போய், குரலை உயர்த்தாமல், கைபேசியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். அந்த நிமிடத்துக்குப் பிறகுதான் நான் சாரத்தை அவிழ்த்தேன். அதுவரை இரண்டு நாட்கள் சாரத்தோடேயே தடாகத்தில் இறங்கி ஏறினேன். ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கீரிமலையில் ஆண்கள் கேணியில் துவாயோடு குளித்து வளர்ந்தவனுக்கு, அந்நியர் முன் வெற்றுடம்போடு நிற்பது ஓரிரவில் வரக்கூடியது அல்ல. உடை விருப்பத்துக்குரியது என்றால் உடுத்தியிருப்பதற்கும் விருப்பம் உண்டு. அதை மதிக்காமல், உடுத்தியிருப்பவரை ஒதுக்கும் இடங்களும் உண்டு என்று அங்கு சந்தித்த ஒரு பெண் இணையர் சொன்னார்கள். எனவே முற்பதிவுக்கு முன் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் இருவரும் சொன்ன மற்றொரு விடயம்: தன்பாலீர்ப்பினருக்கு உரியவை என்று சொல்லப்படும் விடுதிகளில் சில, நடைமுறையில் ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருக்கின்றன. பெண்கள் அதைத் தெளிவாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

இந்த விடுதிக்கும் குறைகள் உண்டு. குன்றின் அடியிலிருந்து அறைக்கு 80க்கு மேற்பட்ட படிகள். முழங்கால் நோ உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். குளிரூட்டி இல்லை, மின்விசிறி மட்டுமே. தண்ணீர் பவுசரில் வந்து தொட்டியில் நிரப்பப்படுகிறது. ஒரு நாள் மாலை வரை குழாயில் சொட்டும் வரவில்லை. ஓலைக் கூரையில் தேள் இருக்கக்கூடும் என்று உரிமையாளரே எச்சரித்தார். வலை நுளம்புக்கு மட்டும் அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. வங்கி அலுவல்களுக்கு உள்நாட்டுப் பக்கம் 15 கிலோமீற்றருக்குள் இருக்கும் பொச்சுத்லாவுக்குப் போக வேண்டியிருப்பதால், காசைக் கையில் எடுத்துச் செல்வது அவசியம்.

மூன்றாவது விடுதி கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு தாயும் மகளும் நடத்தும் சாதாரண வீட்டுவிடுதி. கொடி இல்லை, விளம்பரம் இல்லை, தடாகமும் இல்லை. தெருவிலும் முற்றத்திலும் எல்லோரும் உடுத்தே நடமாடுகிறார்கள். கடைசி மூன்று இரவுகளுக்குப் போனோம். தாயார் எங்களைப் பார்த்தார், எங்கள் கைகளில் இருந்த ஒரே மாதிரியான மோதிரங்களைப் பார்த்தார், மகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மகள் போய் இரண்டு கட்டில்கள் இருந்த அறையின் திறப்பைக் கொழுவிவிட்டு, வேறொரு திறப்பை எடுத்து வந்தாள். அங்கு வசதி குறைவு, வாடகை மிகக் குறைவு, காலையில் சேவல் கூவும். மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் முதல் விடுதியைவிட மிக உயரத்தில் வைப்பேன்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கசூரினாவில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்து பழகிய எங்களுக்கு, சிப்பொலீத்தேயின் கடல் ஏமாற்றும் தோற்றம் கொண்டது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் மிகவும் கடுமையானது; பலர் உயிரிழந்திருக்கிறார்கள்; உயிர்காப்பாளர்கள் கொடி நட்டு எச்சரிக்கிறார்கள். விடுதி உரிமையாளரிடம் எந்தப் பகுதியில் இறங்கலாம் என்று கேட்டால், பொறுப்புள்ளவர் கையோடு அழைத்துப் போய்க் காட்டுவார். முதல் விடுதியில் எவரும் அதைச் சொல்லவில்லை. குன்றின் மேலிருந்தவர் முதல் நாளே காட்டினார். காலத்தைப் பொறுத்தவரை, கார்த்திகை முதல் சித்திரை வரை மழை அரிது. 2022 மே 30இல் அகத்தா சூறாவளி இந்தக் கரையில்தான் தரையேறியது என்பதால், வைகாசியிலிருந்து ஓலைக் கூரை அறைகளைத் தவிர்ப்பது நல்லது. தை இறுதியிலோ மாசித் தொடக்கத்திலோ நிர்வாணத் திருவிழா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது கடினம். அமைதி வேண்டுபவர்கள் அதற்குப் பிறகு போகலாம்.

திரும்பி வந்த பிறகு, வரும் ஆண்டுக்காகக் குன்றின் மேலிருக்கும் விடுதிக்கு மீண்டும் எழுதினேன். ஒரே கட்டில்தானே, கைபேசி விதி இன்னும் உண்டா, சாரம் உடுத்திய ஒருவர் தடாகத்தில் இருக்கலாமா என்ற மூன்று கேள்விகளையும், பதில் தெரிந்திருந்தும், மீண்டும் கேட்டேன். நடத்துபவர்கள் மாறியிருக்கக்கூடும் அல்லவா. அதே உரிமையாளர்தான் பதில் அனுப்பியிருந்தார். மூன்றுக்கும் ஆம் என்றும், அந்த அறையின் வலை கிழிந்துவிட்டதால் புதிது போட்டிருப்பதாகவும், படிகளுக்கு இப்போது கைப்பிடி பொருத்தியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அன்றிரவே முற்பணம் கட்டினோம்.