ஜெய்ப்பூரா, கிரீனிச்சா: காலக்கணிப்பைக் கற்க எந்த வானாய்வகம்?

பழைய வானாய்வகம் ஒன்றை நேரில் பார்த்து, மனிதர்கள் நேரத்தை எப்படி அளந்தார்கள் என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு இடையில்தான் தயங்குகிறார்கள். ஒன்று, லண்டனில் தேம்ஸ் ஆற்றை அடுத்த குன்றின்மேல் 1675-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கிரீனிச் அரச வானாய்வகம். மற்றொன்று, அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஜெய்ப்பூர் அரண்மனையை ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட ஜந்தர் மந்தர். இரண்டையும் கட்டச் சொன்னவர்கள் அரசர்கள். இரண்டும் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களில் அடங்குகின்றன. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஒற்றுமை இவ்வளவுதான். துல்லியத்தை எப்படி அடைவது என்ற கேள்விக்கு இவை தரும் விடைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஜெய்ப்பூரை நிறுவிய சவாய் ஜெய்சிங் (1688–1743) பித்தளைக் கருவிகளில் நம்பிக்கை இழந்தவர். சிறிய கருவியில் நுண்ணிய அளவுக்கோடுகளைப் பொறிக்க இடம் போதாது, சுழலும் அச்சு நாளடைவில் தேய்ந்துவிடும், கருவியே ஆடிப்போகும். ஆகவே 15-ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் சமர்கந்தில் வானியலறிஞரான அரசர் உலூக் பேக் செய்ததைப் பின்பற்றிக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கருவியைக் கட்டடமாகவே எழுப்பினார். தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய ஐந்து ஊர்களில் அவர் அமைத்த வானாய்வகங்களுள் மதுராவினுடையது இன்று இல்லை. எஞ்சியவற்றுள் ஜெய்ப்பூரினுடையதே பெரியது. இங்கே கல் உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1735-இல், தச்சுத் தொழிலிலிருந்து கடிகாரத்துக்கு வந்த ஜான் ஹாரிசன் தம் முதல் கடற்கடிகாரத்தை இங்கிலாந்தில் முடித்தார். அதன் எடை 34 கிலோ. அடுத்த கால் நூற்றாண்டில் அவர் போன திசை சுருக்கத்தை நோக்கியது: 1759-இல் முடித்த நான்காவது கடிகாரம் வெறும் 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரம்தான். ஜெய்சிங் பெரிதாக்கிப் பெற முயன்றதை ஹாரிசன் சிறிதாக்கிப் பெற்றார். இரண்டு இடங்களையும் ஒப்பிடுகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகள் தாமாகவே விளங்கும்.

ஜெய்ப்பூரில் அதிக நேரம் செலவிட வேண்டியது பிருகத் சாம்ராட் யந்திரம் என்ற மாபெரும் நிழற்கடிகாரத்தின் அடியில். ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்துக்கு எழும் சாய்வுச் சுவரின் சரிவு, அவ்வூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 டிகிரியில் அமைந்து, வானத்தின் வட துருவத்தை நோக்குகிறது. சுவரின் இருபுறமும் பளிங்கு பதித்த வளைவுகள் சிறகுகளைப்போல் விரிகின்றன. காலையில் நிழல் மேற்கு வளைவின் உச்சியில் விழுந்து படிப்படியாக இறங்கி, உச்சிவேளையில் சுவரின் அடியை அடைகிறது. பிற்பகலில் கிழக்கு வளைவில் ஏறத் தொடங்குகிறது. வளைவின் ஆரம் ஏறத்தாழ 15 மீட்டர் என்பதால், நிழலின் நுனி ஒரு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. பளிங்கின்மேல் ஒரு விரலை வைத்துக் காத்திருந்தால், அரை நிமிடத்துக்குள் நிழல் விரலைக் கடந்துவிடும். பூமி சுழல்கிறது என்று பள்ளியில் படித்ததைக் கண்ணால் காண்பதற்கு இதைவிட நேரடியான வழி வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 2 வினாடி. அதை வைத்து இக்கருவி 2 வினாடி வரை துல்லியமானது என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்கலாம். அதைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் 15 மீட்டர் தொலைவில் விழும் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. கருமையிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் மங்கலான பட்டை ஒரு சாணுக்குக் குறைவாகவே இருக்கும், நேரக் கணக்கில் அது 2 நிமிடம். அளவீடு செய்தவர்கள் பளிங்குக்குச் சற்று மேலே மெல்லிய நூலையோ குச்சியையோ பிடித்து, அதன் நிழல் எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்து விளிம்பைத் தீர்மானித்தார்கள். பெரிதாக்குவதால் அளவுக்கோடுகள் தெளிவாகும், ஆனால் நிழல் மங்கும் என்ற இந்த முட்டுக்கட்டையே ஜெய்சிங்கின் வழிக்கு இயற்கை விதித்த எல்லை. இதை அவர் அறியாதவர் அல்லர்: இதே கட்டடத்துக்குள் அமைந்த சஷ்டாம்ச யந்திரம், இருட்டறையில் சிறு துளை வழியாகச் சூரியனின் பிம்பத்தையே உச்சிவேளையில் அளவுகோலின்மேல் விழச் செய்கிறது.

நிழல் காட்டும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுகிறவர் முதலில் குழம்புவார், ஆனால் அந்தக் குழப்பத்தில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, ஜெய்ப்பூரோ 75.8 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், நிழல் கடிகாரத்தைவிட 27 நிமிடம் பின்தங்க வேண்டும். ஆனால் அந்த இடைவெளியும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் நவம்பர் தொடக்கத்தில் சராசரி நேரத்தைவிட 16 நிமிடம் முந்தும்; பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். ஆகவே அதே சுவரின் நிழல் நவம்பரில் கைக்கடிகாரத்தைவிட 11 நிமிடம் மட்டும் பின்தங்கும், பிப்ரவரியிலோ 41 நிமிடம். ஊரின் நேரம், நாட்டின் நேரம், சூரியனின் நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி கிரீனிச்சில் இல்லை.

மற்றக் கருவிகளுள் ஜெயப்பிரகாசத்தைத் தவறவிடக் கூடாது. தரைக்குக் கீழே தோண்டிய இரண்டு அரைக்கோளக் கிண்ணங்கள் வானத்தைத் தலைகீழாகப் பிரதிபலிக்கின்றன. ஒன்றில் பளிங்குப் பட்டை உள்ள இடத்தில் மற்றதில் நடைவழி இருக்கும், இரண்டையும் சேர்த்தால்தான் வானம் முழுமையாகும். நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாகச் சாய்ந்து நிற்கும் வட்ட நிழற்கடிகாரமான நாடிவலயத்தின் வடமுகத்தில் வெயில் அடித்தால் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது, தென்முகத்தில் அடித்தால் தெற்கே. ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிறு கட்டடங்கள் கொண்ட ராசிவலயம் படம் எடுக்கிறவர்களுக்கு மிகவும் பிடிக்கும். காலக்கணிப்பைக் கற்க வந்தவருக்கு அதில் கிடைப்பது குறைவு.

கிரீனிச்சின் கதை நிழலோடு தொடங்குவதில்லை, கப்பலோடு தொடங்குகிறது. கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அறிய, புறப்பட்ட ஊரின் நேரமும் கப்பல் நிற்கும் இடத்தின் நேரமும் ஒருசேரத் தெரிய வேண்டும். இதற்கு உதவும் விண்மீன் அட்டவணையைத் தயாரிக்கவே இரண்டாம் சார்லஸ் மன்னர் வானியலாளர் ஜான் பிளாம்ஸ்டீடை நியமித்தார். கட்டடத்தை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். பழைய வெடிமருந்தை விற்ற 520 பவுண்டில் அது முடிந்தது. சிக்கனத்துக்காகப் பழைய கோபுரம் ஒன்றின் அடித்தளத்தையே பயன்படுத்தியதால், கட்டடம் தென்வடல் திசைக்குச் சரியாக அமையாமல் ஏறத்தாழ 13 டிகிரி விலகி நிற்கிறது. உயரமான சன்னல்கள் கொண்ட எண்கோண அறை பார்க்க அழகானது; ஆனால் விண்மீன்களின் இடத்தை அளக்கும் அன்றாட வேலையைப் பிளாம்ஸ்டீட் தோட்டத்துக் கொட்டகையில்தான் செய்ய வேண்டியிருந்தது. கருவிக்காகவே கட்டடம் எழுந்த ஜெய்ப்பூரில் இப்படிப்பட்ட விபரீதம் நேர வாய்ப்பே இல்லை.

எனினும் அந்த எண்கோண அறையின் சுவரில் பதித்திருந்த, கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியனின் இரண்டு கடிகாரங்கள் ஜெய்ப்பூரில் இல்லாத ஒன்றைச் செய்தன. 13 அடி நீள ஊசலோடு, ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடும்படி செய்யப்பட்ட அவை, பூமி சீரான வேகத்தில்தான் சுழல்கிறதா என்று சோதிக்கப் பிளாம்ஸ்டீடுக்கு உதவின. வானத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்துவது பழைய வழக்கம். கடிகாரத்தைக் கொண்டு வானத்தைச் சோதிப்பது புதிய துணிச்சல்.

ஹாரிசனின் நான்கு கடிகாரங்கள் இருக்கும் கூடமே கிரீனிச்சின் உயிர்நாடி. முதல் மூன்றும் இன்றும் ஓடுகின்றன. முதல் கடிகாரத்தின் இரு ஊசற்கட்டைகள் எதிரெதிராக ஆடி, கப்பலின் ஆட்டத்தை ஒன்றுக்கொன்று சமன் செய்வதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நான்காவது மட்டும் ஓடுவதில்லை, ஏனெனில் எண்ணெய் தேவைப்படும் அதன் நுண்ணிய பாகங்கள் ஓடினால் தேயும். 1761–62-இல் ஜமைக்கா வரை 81 நாள் கடற்பயணத்தில் இதன் பிழை ஏறத்தாழ 5 வினாடி, அதாவது தீர்க்கரேகையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ஜெய்ப்பூரின் சுவர் எவ்வளவு பெரிதானாலும் கப்பலில் ஏற்ற முடியாது என்ற எளிய உண்மை, இந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்கும்போதுதான் முழுக் கனத்தோடு புரிகிறது.

முற்றத்தில் பதித்திருக்கும் சுழிய டிகிரிக் கோட்டின்மேல் கால்களை இருபுறமும் வைத்துப் படம் எடுக்கக் கூட்டம் வரிசையில் நிற்கும். அந்தக் கோடு வானாய்வகத் தலைவர் ஜார்ஜ் எய்ரி அமைத்து 1851 முதல் பயன்பட்ட தொலைநோக்கியின் மையம். 1884-இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளுள் 22 அதை முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்றன, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. ஆனால் அங்கே கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் சுழியம் வராது. செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்தைக் கொண்டு கணக்கிடுகின்றன. எய்ரியின் கருவியோ அவ்விடத்து ஈர்ப்புவிசையின் திசையைச் செங்குத்தாகக் கொண்டது. அந்தச் சிறு சாய்வால் இன்றைய சுழியக் கோடு 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் போகிறது. வரிசையில் நிற்பதைவிட அந்த 102 மீட்டரை நடந்து பார்ப்பது பயனுள்ளது.

தமிழ்நாட்டவருக்கு இந்த ஒப்பீட்டில் சொந்த அக்கறை ஒன்றும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகம் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் கொண்டு கிரீனிச்சிலிருந்து தன் தீர்க்கரேகையைக் கணித்தது. இந்திய ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. 1906-இல் வந்த இந்திய நேரம் அதைவிட 9 நிமிடம் முந்தியது. தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. ஆனால் கற்பதற்கென்று போகும் இடமாக அதை மற்ற இரண்டோடு வைத்துப் பேச முடியாது.

என் தீர்ப்பு இது: வானியலை அடியிலிருந்து கற்க விரும்புகிறவரும் பிள்ளைகளை அழைத்துச் செல்பவரும் முதலில் ஜெய்ப்பூருக்கே போக வேண்டும். அங்கே விளக்கப் பலகைகள் போதாது, வழிகாட்டிகளுள் சிலர் சோதிடத்துக்கு நழுவிவிடுகிறார்கள், மேகம் மூடினால் கருவிகள் வெறும் சுவர்கள். எனவே முந்தைய நாளே சற்றுப் படித்துக்கொண்டு, வெயில் தெளிந்த குளிர்காலக் காலையில் சென்று உச்சிவேளை வரை இருக்க வேண்டும். கிரீனிச்சில் விளக்கங்கள் சிறப்பாக இருக்கின்றன, மழை பெய்தாலும் கற்கலாம், ஆனால் எதையும் தொட்டு அளக்க முடியாது. ஜெய்ப்பூரில் நிழலைப் பார்த்தவருக்குத்தான் அங்கே இருக்கும் கடிகாரங்களின் அருமை தெரியும்.

சீட்டு வாங்க விரும்பாதவர்கள் கிரீனிச்சில் இரண்டு பொருள்களை வெளியிலிருந்தே பார்க்கலாம். வாயிலில் 1852 முதல் இருக்கும் ஷெப்பர்டு கடிகாரம் 24 மணி முகப்பு கொண்டது. நண்பகலில் அதன் சிறிய முள் நேர் கீழே காட்டும், கோடையிலும் கிரீனிச் நேரத்தை விட்டு அசையாது. கோபுரத்தின் சிவப்புப் பந்து மட்டும் கோடை நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. 1833 முதல் தேம்ஸில் நின்ற கப்பல்களுக்காகப் பிற்பகல் 1 மணிக்கு விழுந்துவரும் அந்தப் பந்து 12.55-க்குப் பாதி உயரமும் 12.58-க்கு உச்சியும் ஏறும் என்பதால் 12.50-க்குள் குன்றின்மேல் இருப்பது நல்லது. பலத்த காற்று வீசும் நாளில் அதை ஏற்றுவதில்லை.